சொல்லடைவு

மலாயில் எழுதியபோது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தமிழ்ப் புத்தகத்துக்கு
இருநூற்றைம்பது போதும் என்கிறது பதிப்பகம்.

முதலில் போனது இரண்டாம் அத்தியாயம்,
யார் யாரைப் படித்தேன் என்று
தேர்வாளர்களைக் கும்பிட்ட ஐம்பது பக்கம்.
வலிக்கவில்லை.
அடுத்து அடிக்குறிப்புகள்;
காய்ந்த மட்டை கழிப்பதுபோல் கீழிருந்து மேலே.
'இந்த ஆய்வேடு வாதிட முயல்கிறது' என்பதைப்
பதினெட்டு இடத்தில் அடித்தேன்.
முயலாமல் வாதிட
நாற்பத்தேழு வயது ஆகியிருக்கிறது.

புக்கிட் செராயா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
ஆ மெங் கடை மாடியில் வாடகை அறை.
காலையில் கோப்பிக்கொட்டை வறுபடும்.
காற்று திரும்பினால் ஆலைவாடை,
துணியிலிருந்து மூன்று துவைப்புக்கும் போகாது.
பெரட்டுக் களம் இருந்த இடத்துப் பெட்ரோல் நிலையத்தில்
குலை லாரிகள் வளைந்து திரும்பும்.
நாலு பழம் உதிர்ந்து தாரில் நசுங்கும்.

அட்டவணை நான்கு புள்ளி மூன்றில் நின்றுவிட்டேன்.
'வாசகருக்குச் சலிப்பு தரும், நீக்கலாம்'
என்றிருந்தார் மதிப்பீட்டாளர்.
முப்பத்தொரு வரி:
குலை வெட்டியவர், எடை, கூலி.
உதிரிப்பழம் பொறுக்கியவர் என்ற கடைசிப் பத்தியில்
குடும்ப உதவி
குடும்ப உதவி
குடும்ப உதவி
அடிவரை அதேதான்.
கிராணி எழுதிவைத்த கணக்கு.
அப்படியே எடுத்தெழுதி
நானும் முனைவராகிவிட்டேன்.

அனுமதிப் படிவத்தோடு போனேன்
பதிலாளர் பதினேழைப் பார்க்க.
நெறிமுறைக் குழு மறைத்துவைத்த பெயர் முனீஸ்வரி.
ஆறாம் ஆண்டு வரை என் பெஞ்சு,
கணக்கில் எப்போதும் என்னைவிட நாலு புள்ளி கூட.
இப்போது மலிவு வீடு, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
ஒப்பந்தக்காரனிடம் மூட்டைக்கு மூன்று வெள்ளி.

"புத்தகம் என்ன விலை?"
"கெட்டி அட்டை, தொண்ணூறு."
"முப்பது மூட்டை," என்றாள், விரல் மடக்காமல்.
பிறகு அட்டவணையைத் தன் பக்கம் திருப்பி
பதினேழாம் வரியில் விரல் வைத்தாள்.
எடையைப் படித்தாள். மாதத்தைப் படித்தாள்.

"ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டு
அந்த ஆளு ஈப்போ ஆஸ்பத்திரியில
கால்ல இரும்பு கட்டிக் கிடந்தாரு.
எடை கொறையலியே, பாரு.
வெட்டுனதும் நானு, பொறுக்குனதும் நானு.
இதுல யாரு யாருக்கு உதவி?"

அவள் கேட்டது கிராணியை.
கிராணி செத்து ஒன்பது வருடம்.
எதிரே உட்கார்ந்திருந்தவள் நான்.

புனைபெயர் வேண்டும் என்ற கட்டத்தை
அவளே குறுக்காக அடித்தாள்.
தாள் லேசாகக் கிழிந்தது.
"பேரைத் தப்பில்லாம போடு, மூணு சுழி இல்ல,
ரெண்டு சுழி னீ."

அட்டவணையை நீக்கவில்லை,
இன்னும் அரைப்பக்கம் நீட்டினேன்.
மதிப்பீட்டாளருக்கு எழுதினேன்:
சலிப்புக்கு மன்னிக்கவும்.
பொறுக்கியவர்களுக்கும் அது இருந்தது.

சொல்லடைவு போடுவது ஆசிரியர் செலவு.
எனக்குச் செலவழிக்க இரவுகள்தான் உண்டு.
அகரம் தொடங்கி வந்தேன்:
அந்நியத் தொழிலாளர், உபரி, கங்காணி,
கூலி, செம்பனை, நிலவிற்பனை,
முதலீடு,
முனீஸ்வரி,
மூலதனம்.
அகரவரிசை தானாகச் செய்த ஏற்பாடு,
நான் யாரையும் நகர்த்தவில்லை.

மெய்ப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி:
'முனீஸ்வரி, தோட்டத்துக் கோயில் தெய்வமா?
ஆமெனில் சமயம் என்ற தலைப்பின்கீழ் மாற்றவும்.'

சிரித்தேன். அதன்பின் சிரிப்பு வரவில்லை.
'ஆள்' என்று எழுதினேன்.
அது பேரேட்டில் தலையெண்ணும் சொல்.
அடித்தேன்.
ககர வரிசைக்குத் திரும்பிப் போய்
ஒரு வரி சேர்த்தேன்:

குடும்ப உதவி — காண்க: முனீஸ்வரி

அதற்குப் பக்க எண் தேவையில்லை.